முப்பத்தொண்ணாவது வாரம்

இல்ல தம்பி, சோபா வேண்டாம், நான் இந்த ஸ்டூல்லயே உக்காந்துக்கறேன். அந்தச் சோபாவுல நடு ஸ்பிரிங் போயி ரெண்டு வருஷமாச்சு, உக்காந்தா நீங்கதான் கை குடுத்து என்னைத் தூக்கணும். நீங்க இடது ஓரமா உக்காருங்க, அங்க கொஞ்சம் தேவலாம். ஆங், அப்படித்தான். கதவுச் செயின எடுத்துட்டு உள்ள விட்டீங்களே, அதுவே பெரிசு. முன்னப்பின்ன தெரியாத பொம்பள, கையில பிளாஸ்டிக் பையோட வந்து நின்னா யாரு விடுவாங்க இந்தக் காலத்துல.

புரோக்கரா, நானா? புரோக்கரா இருந்தா நாலு மாடி படியேறி இப்படி மூச்சிரைக்க வந்து நிப்பேனா, போன்லயே உங்க காதுல பூ சுத்தியிருப்பேன். லிப்ட் வேலை செய்யுது, செய்யாம என்ன. நான்தான் படியில வருவேன், அது ஒரு பழக்கம். இந்த ரூம்ல உங்க வாரத்த விலைக்குக் குடுக்கறீங்களான்னு உங்களுக்கு இந்த வருஷம் எத்தனை பேரு போன் பண்ணாங்க? மூணு பேரா? எனக்கு மாசத்துக்கு மூணு பேரு பண்றாங்க.

உங்க வீட்டம்மாவும் பிள்ளைங்களும் கடலுக்குப் போற வரைக்கும் கீழ பெஞ்சுல உக்காந்திருந்தேன். தப்பா நெனைக்காதீங்க. பிள்ளைங்க முன்னாடி இதெல்லாம் பேச வேண்டாம்னு பாத்தேன். பெரியவ நல்லா வளந்துட்டா. போன வருஷம் பல்லுக்குக் கம்பி போட்டிருந்தா, இந்த வருஷம் கழட்டியாச்சு போல. எப்படித் தெரியுமான்னா, பெஞ்சுல உக்காந்திருக்கறவளுக்கு வேற என்ன வேலை சொல்லுங்க.

நான் யாருன்னு சொல்லாமலே பேசிக்கிட்டிருக்கேன் பாருங்க. இந்த ரூமுக்கு வருஷத்துல அம்பத்திரெண்டு வாரம், ஒரு வாரத்த வாங்கினவங்க வருஷா வருஷம் அந்த ஏழு நாள் வந்து தங்கிக்கலாம். அதுல ஒரு வாரத்த வெள்ளையடிக்க, பைப்பு பாக்கன்னு கம்பெனிக்காரங்க எடுத்துக்கறாங்க. மிச்சம் அம்பத்தொண்ணு. முப்பத்தொண்ணாவது வாரம் உங்களுது, உங்க அப்பா வாங்கினது. பாக்கி அம்பதும் என்னுது.

ஆமா, அம்பதும். சிரிக்காதீங்க, நெசமாத்தான். அங்க சமையல் மேடைக்கு மேல மூணாவது அலமாரி பூட்டியிருக்கா? திறக்கப் பாத்திருப்பீங்க, பிள்ளைங்க கேட்டிருக்கும். அதுக்குள்ள என் சேலை, என் மாத்திரை, ஆம்பளச் சட்டை ஒரு நாலு, ஒரு ஜோடி செருப்பு இருக்கு. வருஷம் பூரா நான் இங்கதான் இருக்கேன். கம்பெனி வாரத்துலயும் மேனேஜரக் கெஞ்சி, பெயிண்ட் வாடையோட ஒரு மூலையில பாய் விரிச்சுப் படுத்துக்குவேன். உங்க வாரம் ஒண்ணுக்குத்தான் எல்லாத்தையும் அள்ளி அலமாரியில அடைச்சிட்டு இறங்கிப் போறது. பின்னாடி தெருவுல செருப்புக் கடைக்கு மேல ஒரு லாட்ஜ் இருக்கு, அங்க.

நீங்க குடுக்கறதா இல்லைன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் இன்னும் ஏறும், பொறுத்திருந்து குடுக்கலாம்னு உங்க கணக்கு. நல்ல கணக்குதான். மருந்துக்கடை நடத்தறவருக்கு எத வச்சிருக்கணும், எதத் தள்ளிவிடணும்னு தெரியாதா. ஆனா ஏன் ஏறுதுன்னு யோசிச்சீங்களா? மேஜை மேல வெட்டி வச்சிருக்கீங்களே பேப்பரு, அத நானும் படிச்சேன். டைம்ஷேர் வாரங்களோட மறுவிற்பனை விலை மூணு வருஷத்துல எங்கயோ போயிருச்சாம். காரணம் ஒண்ணு, புது ரோடு. ரெண்டு, கடலோரத்துல இனிமே கட்டடம் கட்ட விட மாட்டாங்களாம். மூணு, ஜனங்களுக்கு ஓய்வோட அருமை தெரிய ஆரம்பிச்சிருக்காம். அதப் படிச்சிட்டு லாட்ஜ் கட்டில்ல தனியா உக்காந்து சிரிச்சேன் தம்பி. புது ரோடு இந்தப் பக்கம் வரவே இல்ல. விலைய ஏத்தினது நான்.

நான் ஒருத்திதான். மூணு வருஷம் முன்னாடி இந்த வாரங்கள ஓசியில குடுத்தாக்கூட வாங்க ஆளில்ல. உங்களுக்கே தெரியும், வந்தாலும் வராட்டியும் பராமரிப்புக் காசு கட்டியே ஆகணும். செத்தாலும் விடாது, பிள்ளைங்க தலையில விடியும். எப்படா தொலையும்னு எல்லாரும் உக்காந்திருந்தாங்க. முதல் வாரத்த நான் ஒரு குடை விலைக்கு வாங்கினேன். அடுத்த ஆளு, மாத்தி எழுதற செலவ அவரே குடுத்து, எனக்கு ஒரு பை நிறைய பழமும் வாங்கிக் குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம போனாரு. எங்க நான் மனசு மாறிடுவேனோன்னு பயம். இருபது வாரம் வரைக்கும் இதே கததான். கீழ ரீசேல் கவுண்டர்ல எப்பவும் பல்லக் காட்டிக்கிட்டு ஒருத்தன் இருப்பானே, நான் அவனுக்குப் பல்லழகன்னு பேரு வச்சிருக்கேன். நான் கையெழுத்துப் போடக் குனிஞ்சா, பக்கத்துல இருக்கிறவனுக்குத் தலைக்கிட்ட விரலச் சுத்திக் காட்டுவான். லூசுன்னு. கண்ணாடித் தடுப்புல தெரியும் எனக்கு.

அப்புறம் அவனுக்கும் மூளை வேலை செஞ்சிருச்சு. இந்தக் கிழவி ஒரே ரூம்லதான் வாங்கறா, எந்த வாரம் வந்தாலும் வாங்கறா, மழையில கடலே தெரியாத வாரத்தக்கூட விடல, அப்ப இதுல என்னமோ இருக்கு. அவன் ரெண்டு வாரம் வாங்கிப் போட்டான். அவன் மச்சான் மூணு. ஒரு பல் டாக்டர் நாலு, அவருக்குக் கடல் எந்தப் பக்கம் இருக்குன்னுகூடத் தெரியாது. அவங்க கேட்ட விலைக்கு நான் வாங்கித்தானே ஆகணும். குடை விலை போயி சைக்கிள் விலை, அப்புறம் ஸ்கூட்டர் விலை. கடைசியா வாங்கின ஒம்பதாவது வாரம், ஒரு கார் விலை. நம்ம ரூம் நானூத்தியேழு இந்த விலைக்குப் போச்சுன்னா நானூத்தியாறுக்காரன் சும்மா இருப்பானா? அப்படியே மாடி மாடியா ஏறி, அடுத்த கட்டடத்துக்குத் தாவி, பேப்பர் வரைக்கும் போயிருச்சு. இப்ப பல்லழகன் எனக்கு நாற்காலி எடுத்துப் போடறான், மேடம்ங்கறான்.

பணமா. நான் ஆஸ்பத்திரி லாண்டரியில சூப்பர்வைசரா இருந்தவ. இருபத்தெட்டு வருஷம் ரத்தக்கறை படிஞ்ச பெட்ஷீட் எண்ணினேன். அந்தப் பணம் முதல்ல போச்சு, அப்புறம் நகை, அப்புறம் வீடு. மக ஒருத்தி இருக்கா, வெளியூர்ல கண்ணாடிக் கடையில கண்ணு டெஸ்ட் பண்றா. வீட்ட வித்ததுலேர்ந்து அவ என்கிட்டப் பேசறதில்ல. கடைசியாப் பேசினப்ப என்ன சொன்னா தெரியுமா? அம்மா, நீ தெரியாம பண்ணினது இப்ப அதிர்ஷ்டமாயிருச்சு, எல்லாத்தையும் இப்பவே வித்துரு, சாகற வரைக்கும் கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கலாம்னா. அவ சொல்றதுல தப்பில்ல. விலை ஏறுது, விக்கறதுதான புத்தி.

கதவப் பத்தி ஆபீஸ்ல புகார் எழுதினது நீங்கதானே? காட்டினாங்க. கட்டடம் பூரா கார்டு போட்டுத் திறக்கற பூட்டு வந்தாச்சு, எங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் இரும்புச் சாவின்னு எழுதியிருந்தீங்க. நியாயம்தான். ஆனா ஒரு ரூம்ல பூட்ட மாத்தணும்னா, அந்த ரூம் வாரக்காரங்கள்ல பாதிப்பேருக்கு மேல சரின்னு கையெழுத்துப் போடணும், அது கம்பெனி சட்டம். மூணு தடவ ஓட்டு வச்சாங்க. ஒவ்வொரு தடவையும் உங்க ஒரு ஓட்டு மாத்தலாம்னு, என் ஓட்டு எல்லாம் கூடாதுன்னு. அந்தப் பழைய சாவி இன்னொண்ணு வெளியில இருக்கு தம்பி. வட்டப் பித்தளைத் தகட்டுல நானூத்தியேழுன்னு அடிச்சது. எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையில இருக்கு.

அவரு பஸ் டிப்போவுல டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ள வந்துச்சு, எத்தனை மணிக்கு வெளிய போச்சுன்னு எழுதறவர். வீட்டுலயும் அதே பொழப்புதான். நான் குளிக்கப் போனா மணி பாப்பாரு, வெளிய வந்தா பதினாலு நிமிஷம்பாரு. ஒரு நாள் ஏதோ கூட்டம், வந்தா சூட்கேஸ் இலவசம்னு கார்டு குடுத்தாங்கன்னு போனோம். நாலு மணி நேரம் உக்கார வச்சு, ஜூஸ் குடுத்து, கடல் படத்தக் காட்டிக் காட்டிப் பேசினாங்க. வெளிய வரப்ப கையில சூட்கேஸும் இருந்துச்சு, முப்பத்திரெண்டாவது வாரமும் இருந்துச்சு. சூட்கேஸோட சக்கரம் பஸ் ஏறதுக்குள்ள கழண்டுருச்சு. வாரம் இருபத்திரெண்டு வருஷம் ஓடுச்சு.

ஆமா, உங்களுக்கு அடுத்த வாரம்தான் நாங்க. நீங்க காலையில காலி பண்ணினா நாங்க சாயந்தரம் வருவோம். இருபத்திரெண்டு வருஷம் உங்க வீட்டு வாடையிலதான் கதவத் திறந்திருக்கோம். உங்க அப்பா சுருட்டுப் பிடிப்பாரு போல. ஒரு வருஷம் பிள்ளையோட பொம்மை ஒண்ணு கட்டிலுக்கடியில கிடந்துச்சு, ஒத்தக் காது முயலு, நான் துவைச்சு ஆபீஸ்ல குடுத்தேன். வந்து சேந்துச்சா? நல்லது. ஒரே வீட்டுல குடியிருந்துக்கிட்டு மூஞ்சி பாத்துக்காத சொந்தக்காரங்க மாதிரிதான் நாம.

முதல் வருஷம் மகளுக்கு ஆறு வயசு. கடற்கரையில காணாமப் போயிட்டா. நான் ஒரு பக்கம் ஓட, அவரு ஒரு பக்கம் ஓட, அவ எங்களத் தேடி இன்னொரு பக்கம் ஓட, ரெண்டு மணி நேரம் மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் தாண்டித் தாண்டிப் போயிருக்கோம். கடைசியில ஐஸ் விக்கறவர் கொண்டாந்து விட்டாரு. அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் ஒரு சட்டம் போட்டாரு. இனிமே யாரு தொலைஞ்சாலும் தேடி அலையக் கூடாது. தொலைஞ்சவங்க நேரா ரூமுக்கு வந்துரணும். மத்தவங்களும் ரூமுக்கு வந்துரணும். உக்காந்திருந்தா போதும், ஆள் வந்து சேரும். அந்தத் துணி அலமாரிக் கதவோட உள்பக்கம் பென்சில்ல எழுதியிருக்கும் பாருங்க. தொலைஞ்சால் இங்கே வந்து உட்காரவும், நேரம் குறிப்பிடவும். ஆங், பிள்ளைங்க படிச்சுச் சிரிச்சுதுங்களா? சிரிக்கட்டும், நாங்களும் சிரிச்சோம். ஆனா அதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் தொலையல.

அவருக்கு மறதி வந்தது ரிட்டயராகி நாலாவது வருஷம். டைம் கீப்பருக்கு முதல்ல போனது மணிதான். விடியக்காலைல சாயந்தரச் சட்டையப் போட்டுக்கிட்டு நிப்பாரு. அப்புறம் தெரு, அப்புறம் மக பேரு. மருந்து பேரு சொன்னா உங்களுக்குத் தெரியும், வெள்ளை மாத்திரை, பாதியா உடைச்சுக் குடுக்கறது. ஆமா, அதேதான். வேகத்தக் குறைக்கும், நிறுத்தாதுன்னு டாக்டர் சொன்னாரு. கடைசியில எங்க வீடே அவருக்கு வீடா தெரியல. சூட்கேஸ எடுத்து வச்சிக்கிட்டு, வா கிளம்பலாம், வீட்டுக்காரங்க வந்துரப் போறாங்கம்பாரு. எங்க போறதுன்னு கேட்டா நானூத்தியேழும்பாரு. மூளையில எல்லாம் அழிஞ்சு, அழியாம நின்ன இடம் இந்த ரூம். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஏழே நாளு இருந்த இடம்.

அந்த வருஷம்தான் முதல் தடவையா தேதிய நான் பாத்தேன். அதுவரைக்கும் அவருதான் பாப்பாரு. உங்களுக்குத் தெரியும், வருஷத்தோட முதல் சனிக்கிழமையிலேர்ந்து வாரத்த எண்ணணும். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஆகஸ்ட் ஏழு, முந்தின வருஷம் ஆறு, வருஷா வருஷம் ஒரு நாள் முன்னாடி வருது, அப்ப இந்த வருஷம் அஞ்சுன்னு நான் போட்டுட்டேன். ஆனா அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவ அம்பத்திமூணு சனிக்கிழமை வருதாம். அது வந்துட்டா அடுத்த வருஷம் எல்லா வாரமும் பின்னாடி தள்ளிப் போயிரும். அஞ்சு இல்ல, பன்னெண்டு. அவரு டிப்போ காலண்டர்ல அந்த மாதிரி வருஷத்துக்கெல்லாம் சிவப்புல சுழிச்சு வைப்பாரு. அந்தச் சுழி எதுக்குன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

அப்ப ஒரு வாரம் முன்னாடியே வந்து நிக்கறோம். கீழ ஆபீஸ்ல அந்தப் பொண்ணு, அம்மா உங்க வாரம் அடுத்த சனிக்கிழமைங்குது. எனக்கு ஏழு மணி நேரம் பஸ்ஸுல வந்த எரிச்சல். அவர அந்தச் செடித்தொட்டி பக்கத்துச் சோபாவுல உக்கார வச்சிட்டு நான் கவுண்டர்ல சண்டைக்கு நின்னேன். நீ என்ன எனக்குக் காலண்டர் சொல்லிக் குடுக்கறே, இருபத்திரெண்டு வருஷமா வரேன்னு கத்தினேன். நடுவுல போன் அடிச்சுது. அந்தப் பொண்ணு எடுத்து, சரி சார், சரி சார், ஆள அனுப்பறேன்னு வச்சுது. வாசல்ல செக்யூரிட்டி ஒருத்தர் நிப்பாரே, மீசைக்காரர், அவருக்குக் கையக் காட்டி மேல அனுப்புச்சு. எனக்கு இன்னும் கோவம். நான் பேசிட்டிருக்கும்போது என்ன போனு, முதல்ல எனக்கு முடிச்சுக் குடுன்னேன். திரும்பிப் பாக்கறேன், சோபாவுல சூட்கேஸ் மட்டும் இருக்கு.

தேடினேன். கடல் பக்கம் ஓடினேன், பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன், ஒவ்வொரு கடையிலயும் போட்டோவக் காட்டினேன். போலீஸ் வந்து கேட்டாங்க, யாரும் பாக்கலைன்னுட்டாங்க. ரெண்டு தடவ மார்ச்சுவரிக்குக் கூப்பிட்டாங்க. முதல் ஆள் செருப்பப் பாத்தே இல்லைன்னுட்டேன். ரெண்டாவது ஆளுக்கு முகம் இல்ல. கையத் தூக்கி நகத்தப் பாத்தேன். அவருக்கு நான்தான் நகம் வெட்டி விடுவேன், எனக்குத் தெரியாதா. அதுவும் இல்ல.

பன்னெண்டாம் தேதி எங்க வாரம் வந்துச்சு. ஏறி வந்து இங்க உக்காந்தேன். அப்பத்தான் அலமாரியத் திறந்து அவரு எழுதினத மறுபடி பாத்தேன். அவரு தொலைஞ்சுட்டாரு, நான் ரூம்ல உக்காரணும், அவ்வளவுதானே. ஏழு நாள் உக்காந்தேன். எட்டாவது நாள் முப்பத்திமூணாவது வாரத்துக்காரர் பெட்டியோட வந்து நிக்கறாரு, ஒரு எலக்ட்ரீஷியன், கூட சம்சாரம். நான் எந்திரிக்கல. மேனேஜர் வந்தாரு, எந்திரிக்கல. கடைசியில அந்த எலக்ட்ரீஷியன் சம்சாரம் என் பக்கத்துல தரையில உக்காந்து அழுதுருச்சு. அவரு அதே இடத்துல, எங்களுக்கு இது வேண்டாம்மா, நீங்களே வச்சுக்கங்கன்னாரு. சும்மா குடுத்தா எழுதிக்க மாட்டாங்கன்னு ஒரு குடை விலை போட்டுக்கிட்டோம். அப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒரு வாரம் முடிஞ்சா அடுத்த வாரம் வேணும். அவருக்குத்தான் வாரக்கணக்குத் தெரியாம போச்சே, எந்த வாரத்துல வருவாருன்னு நான் எப்படிச் சொல்றது?

இப்ப உங்க வாரத்துக்கு வர்றேன். முடியாது தம்பி, உங்க விலைக்கு என்னால முடியாது. நான் ஏத்தி விட்ட விலை எனக்கே எட்டல. வாரத்துக்கு மதிப்புக் கூடிருச்சுன்னு கம்பெனி பராமரிப்புக் காசையும் ஏத்திருச்சு, அம்பது வாரத்துக்கும் நான் கட்டணும். அடுத்த வருஷம் ஒண்ணு ரெண்ட வித்துத்தான் மிச்சத்தக் காப்பாத்தணும், எத விக்கறதுன்னுதான் தெரியல. அதனால நான் வாங்க வரல. நீங்களே வச்சுக்கங்க. ஏறட்டும், நல்ல விலைக்குக் குடுங்க, பிள்ளைங்களுக்கு ஆகும்.

பின்ன எதுக்கு வந்தேன்னு கேக்கறீங்க. போன மாசம் மீசைக்காரர் ரிட்டயராயிட்டாரு. போறப்ப ரூமுக்கு வந்து, தொப்பியக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு நின்னாரு. அம்மா, மனசுல ஒண்ணு இருக்கு, வேலை போயிரும்னு அன்னைக்குச் சொல்லலைன்னாரு. அவரு எழுதற டூட்டி நோட்டுல ஒரு பக்கத்தக் கிழிச்சுக் கொண்டாந்திருந்தாரு. இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. ஆகஸ்ட் அஞ்சு, மணி நாலு பத்து, யாரோ ஒரு கிழவர் நானூத்தியேழு கதவைத் திறக்கப் பார்ப்பதாகப் புகார், போய்ப் பார்த்தேன், ஆள் இல்லை. நேரத்த அழகா எழுதியிருக்காரு. எங்க வீட்டுக்காரர் பாத்தா மெச்சியிருப்பாரு.

உக்காருங்க தம்பி, எந்திரிக்காதீங்க. நான் சண்டைக்கு வரல. இதப் படிச்சதுக்கப்புறம் எனக்கு எல்லாம் வரிசையா புரிஞ்சுது. சோபாவுல உக்காந்து பாத்திருக்காரு, என்னைக் காணோம். நான் பத்தடியிலதான் நிக்கறேன், ஆனா முதுகக் காட்டிக்கிட்டுக் கத்திக்கிட்டிருக்கேன். முகத்தப் பாத்தாத்தான் அவருக்கு நான் யாருன்னு தெரியும், அதுவும் சில நாள்தான். அப்ப தொலைஞ்சுட்டோம்னு நெனச்சிருக்காரு. தொலைஞ்சா என்ன பண்ணணும்? சட்டப்படி படியேறி இங்க வந்திருக்காரு. சாவியப் போட்டா திரும்பியிருக்கும், ஆனா அது உங்க வாரம், உள்ள செயின். மீசைக்காரர் லிப்டுல ஏறியிருக்காரு, இவரு படியில இறங்கிப் பின்வாசல் வழியாப் போயிருக்காரு. அதான் நான் லிப்டுல வர்றதில்ல. அவரு சரியாத்தான் பண்ணினாரு தம்பி. நான்தான் ரூமுக்கு வராம கடல் பக்கம் ஓடினேன்.

நீங்க பண்ணினதும் தப்பில்ல. பிள்ளைங்கள வச்சிக்கிட்டு இருக்கிறவங்க, யாரோ ஒருத்தர் சாவியப் போட்டுத் திருகினா யாரா இருந்தாலும் அதத்தான் பண்ணுவாங்க. அந்த வாரம் பூரா லிப்ட் பக்கத்துல அவரு போட்டோவ ஒட்டி வச்சிருந்தேன். நீங்க அதப் பாத்தீங்களான்னு நான் கேக்க மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம்.

ஒண்ணே ஒண்ணு. இந்த ஏழு நாளுதான் வருஷத்துல நான் இந்தக் கதவுக்கு வெளிய இருக்கறது. இதுக்குள்ள யாராவது தட்டினா செயின எடுத்துட்டுத் திறங்க, இன்னைக்கு எனக்குத் திறந்த மாதிரி. ஒல்லியா இருப்பாரு, என்னை விட ஒரு சாண் உயரம். சோபாவுல இடது ஓரமா உக்கார வைங்க. மணி கேப்பாரு, சொல்லுங்க, திரும்பத் திரும்பக் கேப்பாரு, சொல்லிக்கிட்டே இருங்க. லாட்ஜ் நம்பர இந்தச் சீட்டுல எழுதியிருக்கேன், நேரா எனக்குப் பண்ணுங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துருவேன். கீழ ஆபீஸுக்குப் போன் பண்ணிராதீங்க தம்பி. போன தடவ நீங்க பண்ணினப்ப, அந்தப் போனுக்குப் பக்கத்துலதான் நான் நின்னுக்கிட்டிருந்தேன்.